தாமுவே வீடு சாயுது

ரங்கூன் தாமுவேயில் வாங்கிய வீட்டில் அம்சவேணிக்கு எல்லாமே பிடித்திருந்தது, புருஷனைத் தவிர. மூன்றாம் மாடி பிடித்திருந்தது. கம்பி போட்ட பால்கனி பிடித்திருந்தது. நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடப்பதும், வந்தவுடன் தெருவே "மீ லாபி" என்று கூவுவதும், அடுத்த நிமிஷம் வீட்டுக்கு வீடு தண்ணீர் மோட்டார் உறுமுவதும்கூடப் பிடித்திருந்தது. ராஜரத்தினம்தான் எந்த மூலையிலும் பொருந்தாமல், குடிவந்த நாளிலிருந்து குறை சொல்லிக்கொண்டு திரிந்தார். சுவர் எல்லாம் ரொம்பக் கிட்ட இருக்கிறது என்றார். அதே வாயால், வீடு ரொம்ப நீளம் என்றார். எதிர்வீட்டுக்காரனின் லுங்கிகள் காயும் கொடியைப் பார்த்துத்தான் தினமும் விழிக்க வேண்டியிருக்கிறது, இது என்ன பிழைப்பு என்றார். காலையில் கண்ணைத் திறந்ததும் எந்த ஊரில் இருக்கிறோம் என்று ஒரு கணம் யோசிக்கிற சுகம் போயே போய்விட்டதாம். இதுவும் ஒரு குறையா? அந்த யோசனையோடு விழித்து விழித்துச் சலித்துத்தானே அவளுக்கு வீடு வேண்டுமென்று ஆனது.

அதற்கு முன்பு அவர்கள் வீடு ஒரு பழைய ஜப்பான் ஈனோ பஸ். ரங்கூனில் லைன் ஓடி ஓய்ந்த வண்டி. சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு நடுவில் கட்டிலும் பின்னால் அடுப்பும் தோசைக்கல்லும் பொருத்தி, கூரைமேல் மூங்கிலும் தார்ப்பாயும் கட்டி, இருவருமாக ப்வே ப்வேயாகப் போனார்கள். ப்வே என்றால் பயாத் திருவிழா, பயா என்றால் புத்தர் கோயில். மழை ஓய்ந்து தடிஞ்சூ விளக்கு ஏற்றுவதிலிருந்து புத்தாண்டுத் திஞ்சானுக்குத் தண்ணீர் ஊற்றுவது வரைக்கும் நாட்டில் ஏதாவது ஒரு பயாவில் திருவிழா நடந்துகொண்டேதான் இருக்கும். பெகு, ப்ரோம், பகான், மொல்மீன் என்று எங்கே கூட்டமோ அங்கே பஸ். ஆட்டம் பார்க்க வந்த ஜனத்துக்குப் பசிக்கும். பர்மாக்காரர்கள் தோசையைத் 'தோஷே' என்பார்கள். அவித்த பட்டாணியும் நறுக்கிய முட்டைக்கோசும் தூவி மடித்துக் கொடுத்தால் நின்றபடியே மூன்று நான்கு தின்பார்கள். மழைக்காலத்தில் மட்டும் பெகுவில் ஒரு கோயில் வளவில் வண்டியை நிறுத்திக்கொண்டு, ஒழுகும் இடத்தில் எல்லாம் சட்டி வைத்துக் காலம் தள்ளுவார்கள்.

அந்த வாழ்க்கையை அம்சவேணி வெறுத்தாள் என்று சொன்னால் பொய். ஆனால் அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. பஸ்ஸின் பின்படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே யாரோ உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதுபோல் இருந்தது. பாதைகளும் முன்போல் இல்லை. இந்தப் பாலம் அடைப்பு, அந்த ரோட்டில் சோதனை, சாயந்தரத்துக்குமேல் வண்டி ஓடக்கூடாது என்று ஆனபிறகு பாதி ப்வே நின்றுபோனது. மேல் பர்மாவை நிலநடுக்கம் உலுக்கிய வருஷம் அவர்கள் வழக்கமாகக் கடை போடும் பயா ஒன்றே சரிந்து விழுந்தது. இனி எங்கே போவது? பல வருஷத்துத் தோசையும் அவள் கைவளையல்களும் சேர்ந்து தாமுவேயில் மூன்றாம் மாடியாக மாறின. ராஜரத்தினம் தலையாட்டினார். தலையாட்டிய மனிதர்தான் இப்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

பஸ்ஸைக் கட்டடத்துக்குக் கீழேயே, சாக்கடையை ஒட்டி நிறுத்தியிருந்தார். பொழுதுக்கும் அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக்கு மேலே வருவார், சாப்பிட்டதும் இறங்கிவிடுவார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், வண்டியைச் சும்மா விட்டால் துரு ஏறிவிடும் என்பார். இவர் டிரைவர் சீட்டில் சாய்ந்துகொண்டு வெற்றிலை மென்றால் துரு எப்படி ஏறாமல் இருக்கும் என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்டால் சண்டை. அதனால் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வந்து கொஞ்சநாள் ஆனபிறகு, கட்டடத்தில் உள்ள எல்லோருக்கும் ஒருநாள் தோசை சுட்டுக் கொடுப்போம் என்று அவளுக்கு ஓர் ஆசை வந்தது. தோசைக்கல்லைக் கொண்டுவரச் சொன்னாள். ராஜரத்தினம் முணுமுணுத்துக்கொண்டே அதைத் தூக்கி வந்து அடுப்படியில் மேடை போட்டு அமர்த்தினார். பிறகு, எந்த ஊருக்குப் போனாலும் முதலில் செய்வதைச் செய்தார். கல் சமமாக நிற்காவிட்டால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். மாவும் அந்தப் பக்கம் தடித்து, இந்தப் பக்கம் கருகும். ஆகவே எங்கே பஸ்ஸை நிறுத்தினாலும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் காயாத கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்து, அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் கீழ் பலகை கொடுப்பார். இந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மற்ற கடைக்காரர்கள்கூட அவரைக் கூப்பிட்டு வைத்து மட்டம் பார்த்துக்கொள்வார்கள்.

அடுப்படியில் விட்ட எண்ணெய் கிழக்குச் சுவர்ப் பக்கம் மெதுவாக ஊர்ந்து போய், கல்லின் ஓரத்தில் குளம் கட்டி நின்றது. அவர் மேடையை நகர்த்தி வைத்துப் பார்த்தார். அப்போதும் கிழக்கே போனது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். அதுவும் கிழக்கே சாய்ந்தது.

"வேணி, இங்க வா. எண்ணெயப் பாரு."

"ஓடுனா ஓடுது. ஒரு பலகத் துண்ட வெச்சு நிமுத்துங்க."

"பஸ்ஸுன்னா பலக வெக்கலாம். இதுக்கு எங்க வெக்கறது? வீடு சாயுது புள்ள."

இத்தனை நாளில் அவர் அந்த வீட்டைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகப் பேசி அவள் கேட்டதில்லை. சனியனே, வாயை வச்சுட்டியா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு அவளும் குனிந்து பார்த்தாள். எண்ணெய் பொய் சொல்லவில்லை. கிழக்கேதான் போனது.

அவர் அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. நேரே படியிறங்கிப் போய் வீடு வீடாகச் சொன்னார். நிலநடுக்கத்துக்குப் பிறகு ரங்கூனில் யாருக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. சுவரில் தலைமுடி அளவு கீறல் தெரிந்தாலும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் ஒரு மனிதர் வந்து, நான் காலமெல்லாம் மட்டம் பார்த்தவன், உங்கள் கட்டடம் கிழக்கே சாய்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? முதல் மாடியில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் அப்துல் பாரி, தன் வீட்டு அடுப்படியிலும் சட்டியில் எண்ணெய் விட்டுப் பார்த்தார். அதே கிழக்கு. அதோடு பயம் கட்டடம் முழுக்கப் பரவியது. கீழே வெற்றிலைக் கடை வைத்திருக்கும் டோ டின், விழுந்தால் மொத்தமும் என் தலையில்தானே என்று சுண்ணாம்பு தடவிய விரலை நீட்டிப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்பினாள். அன்றிலிருந்து ராஜரத்தினம் பஸ்ஸிலேயே படுத்தார். நீயும் வந்துவிடு என்று அம்சவேணியைக் கூப்பிட்டார். விழுந்தால் விழட்டும், சொந்த வீட்டில் சாகிறேன் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திக்கொண்டாளே தவிர, தூக்கம் பிடிக்கவில்லை. எங்கோ ஒரு கதவு அடித்தாலும் எழுந்து உட்கார்ந்தாள்.

இரண்டாம் மாடியில் சந்திரமோகனும் அவன் பெண்டாட்டி பூர்ணாவும் இருந்தார்கள். அவன் ஷ்வேப்யிதாவில் துணிக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். விடியும் முன்னே பஸ் பிடித்துப் போய் இருட்டிய பிறகு வருவான். அவனுடைய அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு போய், ஒரு கை மட்டும் அசையும். கட்டிலைச் சன்னலோரம் போட்டிருப்பார்கள். தெருவைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். அம்சவேணி படியேறும்போது கதவு திறந்திருந்தால் அந்த ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். கட்டடம் ஆடினால் இவரை எப்படி இறக்குவது என்ற பயம் சந்திரமோகனைப் பிடித்து ஆட்டியது. கடைசியில், பசுந்தாங்கில் இருக்கும் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று முடிவு செய்து ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டான்.

அந்தப் படிகள் ஓர் ஆள் ஏறினால் இன்னோர் ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய படிகள். பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, லுங்கியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, நாலு பேர் தூக்கினார்கள். சந்திரமோகன், அவன் சிநேகிதன் செல்வம், அப்துல் பாரி, நாலாவது ராஜரத்தினம். அம்சவேணி மேல்படியில் நின்று பார்த்தாள். முதல் திருப்பத்திலேயே பெரியவர் அசைகிற கையால் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார். விடவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மகன் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் பிடித்தார், மறுபடியும் பிரித்தார்கள். பூர்ணா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ராஜரத்தினம் நாற்காலியின் பின்காலைப் பிடித்தபடி தரையை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினார். வேர்த்து ஊற்றியது. டாக்சியில் ஏற்றி அனுப்பியபிறகு அவர் யாரோடும் பேசாமல் பஸ்ஸுக்குள் போய்விட்டார்.

அதைப் பார்த்த பிறகுதான் அம்சவேணிக்குத் தெம்பு விட்டது. ஒரு சீக்காளியையே கிளப்பிக்கொண்டு போகிறார்கள் என்றால் வீடு உண்மையாகவே சாய்கிறது. மறுநாள் ராஜரத்தினம் மேலே வந்து, வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டு மொல்மீன் பக்கம் போய்விடலாம், அங்கே சின்னச் சின்ன ப்வே இன்னும் நடக்கிறது என்று ஆரம்பித்தபோது, அவள் சரி என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தாரா, பார்க்காதவர்போல் இருந்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கயிறு வாங்கிவர வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவது, வீட்டை விற்கிற வேலையைப் பிறகு ஒரு தரகரிடம் விடுவது என்று ஏற்பாடு. சாமான் கட்டும்போது அம்சவேணிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவரைத் திட்டினாள். வீட்டை விற்றவனைத் திட்டினாள். இந்த வயதில் வீட்டு ஆசை பிடித்த தன்னையும் திட்டினாள். மாட்டியிருந்த திரையைக் கழற்றும்போது, மாட்டிய ஆணியின் பளபளப்புகூட இன்னும் போகவில்லையே என்று அழுகை வந்தது. அலமாரியைத் துடைத்தாள். பால்கனியில் வைத்திருந்த துளசித் தொட்டியை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அங்கேயே விட்டாள். ராஜரத்தினம் கீழே பஸ் கூரைமேல் ஏறிக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சீட்டியடித்துக்கொண்டு கட்டினார். அந்தச் சீட்டி மூன்று மாடி ஏறி வந்து அவள் காதில் விழுந்தது. எடுத்து ஒரு சட்டியை வீசலாமா என்று இருந்தது.

கடைசியில் அடுப்படி மட்டும் பாக்கி. அழுக்காக விட்டுப் போனால் வருகிறவள் என்ன நினைப்பாள் என்று கழுவிவிட்டுப் போக நினைத்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்தத் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவியதே இல்லை. பஸ்ஸில் இருந்தது ஒரு பீப்பாய் தண்ணீர். அதில்தான் சமையல், குளியல், பாத்திரம் எல்லாம். ஒரு குவளைத் தண்ணீரில் பத்துத் தட்டு அலசுவாள். தரையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டுகிறவளைப் பைத்தியக்காரி என்பார்கள். அதற்கும் முன்னால், பிறந்து வளர்ந்தது துவாந்தே பக்கம் மூங்கில் தப்பை வேய்ந்த தரையில். அங்கே எதைக் கொட்டினாலும் இடுக்கு வழியாகக் கீழே போய்விடும். ராஜரத்தினம் வளர்ந்ததும் அதே மாதிரி வீடுதான். கல் கட்டடத்து அடுப்படி எப்படி இருக்கும் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

இனி மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது என்ற கோபத்தில் ஒரு முழு வாளியைத் தூக்கி வீசி ஊற்றினாள். தண்ணீர் பரவியது. பிறகு எல்லாம் ஒன்று சேர்ந்து, யாரோ கூப்பிட்டதுபோல் கிழக்குச் சுவர்ப் பக்கம் ஓடியது. அந்த மூலையில் தகரச் சல்லடை போட்ட ஓர் ஓட்டை இருந்தது. கரப்பான் வராமல் இருக்க அவளேதான் அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்திருந்தாள். தண்ணீர் செங்கல்லைச் சுற்றிக் கொப்பளித்து உள்ளே இறங்கியது. அவள் இன்னொரு வாளி ஊற்றினாள். அதுவும் அங்கேயே போனது. ஈரக்கையோடு முன் அறைக்கு ஓடிவந்து ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் கொட்டிய இடத்திலேயே பரந்து கிடந்தது.

அம்சவேணி அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் எரிச்சல் வந்துவிட்டது. அடுப்படித் தண்ணீர் வெளியே போவதற்காகக் கொத்தன் சாய்த்துப் போட்ட தரை. அப்துல் பாரி வீட்டிலும் அதே மூலையில்தான் குழாய் இறங்குகிறது, அதனால் அங்கேயும் கிழக்கு. தினம் தினம் அந்தத் தரையைக் கழுவிப் பழகியவர்களுக்குக்கூட இது தோன்றவில்லையே. பயம் வந்துவிட்டால் யாருக்குத்தான் அடுப்படி நினைவில் இருக்கும்?

இறங்கிப் போய் பஸ் கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. வீடு சாயவில்லை, நாம் இரண்டு பேரும்தான் விவரம் இல்லாதவர்கள் என்றாள். மட்டத்தில் மன்னன் என்று பேர் வாங்கியவர் ஒரு சாக்கடை ஓட்டையிடம் தோற்றுப்போனார் என்று கிண்டல் செய்தாள். ராஜரத்தினம் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. பிடித்திருந்த கயிற்றை இறுக்காமலும் விடாமலும் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டு, அப்படியா என்று மட்டும் கேட்டார். அவருக்கு அவமானமாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. வீடு வீடாகப் போய்ப் பயம் காட்டினவர், வீடு வீடாகப் போய்ப் பயத்தை எடுத்துவிட்டு வரவேண்டும் என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்றார். இப்போதே என்றாள்.

அவள் மேலே ஏறி வந்து கதவருகில் நின்று காது கொடுத்தாள். அந்தக் கட்டடத்தில் கீழ்ப்படியில் பேசுவது மேல்படியில் தெளிவாகக் கேட்கும். முதலில் டோ டின். தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கணும் என்று ராஜரத்தினம் பர்மிய மொழியில் சொல்வது கேட்டது. எனக்கு அப்போதே தெரியும், எத்தனை வருஷமாக இந்த அடுப்படியைக் கழுவுகிறேன் என்று டோ டின் கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். அப்துல் பாரி வெகுநேரம் சிரித்தார். தானும் எண்ணெய் விட்டுப் பார்த்ததை அவர் சொல்லவே இல்லை. பிறகு இரண்டாம் மாடி. பூர்ணாவின் குரல் உயர்ந்தது. அவள் தமிழ் புரிந்துகொள்வாள், பேச்சென்னவோ பர்மிய மொழியில்தான் வரும். சந்தோஷத்தில் இரண்டையும் கலந்து பேசினாள். புருஷனை உள்ளேயிருந்து கூப்பிட்டாள். சந்திரமோகன் தடதடவென்று படியிறங்கி ஓடும் சத்தம் கேட்டது. அங்கேயும் ராஜரத்தினம் சொன்னது அதேதான், தெரியாமல் சொல்லிவிட்டேன்.

அப்பாடா என்று அம்சவேணி உள்ளே போய் மூட்டையைப் பிரிக்க உட்கார்ந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ராஜரத்தினம் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"சொந்த வீட்டுக் கதவ எதுக்குத் தட்டறீங்க? தொறந்துதான கெடக்கு."

"எல்லா வீட்லயும் சொல்லிட்டேன். இந்த வீடு பாக்கி."

"எனக்கு என்னா சொல்லணும்? நாந்தான ஒங்களுக்குச் சொன்னேன்."

அவர் நிலைக்கு வெளியேயே நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும் வேணி. லபெயெக் கடைல டீ குடிக்கறப்ப கொத்தன் வடிவேலு சொல்லிட்டான். அடுப்படித் தரய அப்பிடிச் சாச்சுத்தான் போடுவோம்னு."

"எப்ப சொன்னான்?"

"பெரியவர எறக்குனாங்கல்ல. அன்னிக்குக் காலேல."

அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும், அந்த ஒவ்வொரு விரலும் கம்பியிலிருந்து பிரிந்தது கண்ணில் வந்தது.

"தெரிஞ்சுகிட்டா அந்த நாக்காலியப் புடிச்சீங்க?"

அவர் தலையாட்டினார்.

"எதுக்கு?"

ராஜரத்தினம் சுவரைப் பார்த்தார், படியைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார். "பஸ்ல நா ஓட்டிக்கிட்டு இருந்தாலும் நீ பின்னால மாவு கரைக்கறது கேக்கும். இருமுனா கேக்கும். இங்க நீ அடுப்படில நிக்கறே, நா முன்னால கெடக்கறேன். கூப்புட்டா கேக்க மாட்டேங்குது. நாலு தடவ கூப்புட்டு, அப்பறம் எதுக்குக் கூப்புட்டோம்னு மறந்து போவுது. அதுக்குத்தான் கீழ போயிருவேன். வடிவேலு சொன்னத ஒங்கிட்ட சொன்னா இங்கியே இருந்துருவோம். அதான் சொல்லல."

அம்சவேணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதற்கா? இவ்வளவு ஆட்டமும் இதற்கா? காலம் முழுக்க ஒரே வண்டிக்குள் கிடந்தும், இதைச் சொல்ல ஒரு வாய் இல்லையா இந்த மனுஷனுக்கு?

"இதச் சொன்னா என்னா?"

"நீ சிரிப்பே."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சுட்டு, கட்டிலத் தூக்கி அடுப்படிக்கு வெளிய போட்டுருப்பேன். அதுக்கு ஒரு சீக்காளிய மாடிப்படில எறக்கணுமா?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் மனசு இளகியது, இளகியதற்காகவும் அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. இனிமேல் தினமும் பூர்ணாவைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். கதவு திறந்திருந்தால் பெரியவர் அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார். இது தெரிந்துகொண்டு, பதிலுக்கு அவளும் கையைத் தூக்கிக் காட்ட முடியுமா?

"கீழ போங்க," என்றாள். "மறுபடியும் சொல்லுங்க. தெரியாம சொன்னேன்னு இல்ல. தெரிஞ்சுதான்னு."

"வேணி, மானம் போயிரும்."

"போவட்டும். பஸ்ஸுன்னா எது பண்ணிட்டும் காலேல வேற ஊருக்குப் போயிரலாம். இனிமே இங்கதான இருக்கப் போறோம்."

அவர் நகராமல் நின்றார். அவள் இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, கதவை இழுத்துப் பூட்டினாள். நீ எதற்கு, முட்டி வலிக்கும் என்றார். நான் வராவிட்டால் பாதியை விழுங்கிவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து ஒரு படி இறங்கினாள். வலித்தது. இன்னொரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அந்தக் குறுகலில் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார்கள்.

இரண்டாம் மாடிக் கதவை அவள்தான் தட்டினாள். பூர்ணா முகம் மலரத் திறந்தாள். உள்ளே சன்னலோரத்துக் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தது. அப்பாவை அழைத்துவர அவர் டாக்சி பிடிக்கப் போயிருக்கிறார், இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள், உள்ளே வாருங்கள், இப்போதுதான் லபெயெ போட்டேன் என்றாள்.

"லபெயெ இருக்கட்டும் பூர்ணா," என்றாள் அம்சவேணி. "இவரு ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

ராஜரத்தினம் தரையைப் பார்த்தார். அவள் அவர் கையை இறுக்கினாள்.

"ஒங்க மாமனார எறக்குன அன்னிக்கு, வீடு சாயலன்னு எனக்குத் தெரியும்," என்றார். "தெரிஞ்சுதாம்மா தூக்குனேன்."

பூர்ணாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. ராஜரத்தினம் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அம்சவேணி அதை விடவில்லை.